தவிலுக்குப் பக்கத்தில் நின்ற காது

காதில் இரைச்சல் ஆரம்பித்தவர்களிடம் அவசரமாகச் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. என் கதையை அதற்குப் பிறகு வைத்துக்கொள்கிறேன். ஒரே நாளில் ஒரு காது அடைத்த மாதிரி ஆகி, கேட்பது குறைந்து, கூடவே இரைச்சலும் வந்தால், "சளியா இருக்கும், நாலு நாள் பாப்போம்" என்று உட்காராதீர்கள். அன்றைக்கே, முடியாவிட்டால் மறுநாள், காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போய்விடுங்கள். உள்காதும் நரம்பும் திடீரென்று பாதிக்கப்பட்டிருந்தால் ஸ்டீராய்டு மருந்து கொடுப்பார்கள். முதல் சில நாட்களுக்குள் ஆரம்பித்தால்தான் நல்ல வாய்ப்பு. இரண்டு வாரம் தாண்டினால் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும். இதை என்னிடம் யாரும் சொல்லவில்லை. என்னுடையது அந்த வகையா என்பது இனித் தெரியவும் போவதில்லை, ஏனென்றால் என் காதை முறையாக அளந்து பார்த்ததே பல வாரம் கழித்துத்தான்.

எனக்குக் குத்தாலம் பக்கத்தில் உரக்கடை. ஐம்பது வயது தாண்டியாயிற்று. பாட்டு படித்தவனில்லை, எதுவும் வாசிக்கத் தெரியாது, கேட்கத் தெரியும். எங்கள் பக்கம் அதற்குக் குறைச்சலே கிடையாது. நாதஸ்வரச் சக்கரவர்த்தி ராஜரத்தினம் பிள்ளையின் திருவாவடுதுறை கூப்பிடு தூரம். ஆச்சா மரத்தில் நாதஸ்வரம் கடையும் நரசிங்கம்பேட்டை அதற்கு அடுத்த ஊர், 2022-ல் அந்த நாதஸ்வரத்துக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. இங்கே வளர்ந்தவன் திருவிழாவில் சாமியைப் பார்க்கிறானோ இல்லையோ, மேளத்துக்கு முன்னால் நிற்பான். கம்பீர நாட்டை ராகத்தில் மல்லாரி (சாமி புறப்பாட்டுக்கு வாசிப்பது) ஆரம்பித்ததும் தவிலின் வலந்தலைக்கு, அதாவது வலது பக்கத்துக்கு, கை எட்டும் தூரத்தில் இடம் பிடிப்பது எங்கள் ரசிகர் கூட்டத்தில் ஒரு கௌரவம். முப்பது வருஷமாக அந்த இடம் என்னுடையது. வலது காது பக்கம் தவில்.

அது ஒரு சித்திரைத் திருவிழா. ஸ்பெஷல் தவில் என்று தனியாக ஒரு வித்வானை வைத்திருந்தார்கள். கல் மண்டபத்துக்குள் தனி ஆவர்த்தனம், தவில் மட்டும் தனித்து வாசிப்பது, ஒரு மணி நேரம் போலப் போனது, பின்னால் ஒலிபெருக்கிப் பெட்டி வேறு. வீட்டுக்கு வரும்போது காது அடைத்திருந்தது. அதில் எனக்குக் கவலை எதுவும் இல்லை, நல்ல கச்சேரி கேட்டால் காது அடைக்கும், காலையில் சரியாகிவிடும், எங்கள் கூட்டத்தில் எல்லாருக்கும் அப்படித்தான். (அந்த அடைப்பே உள்காது அடி வாங்கியதற்கான அறிகுறி என்று பின்னால் தெரிந்தது. கச்சேரிக்குப் பிறகு காது அடைத்தாலோ சில மணி நேரம் ரீங்கரித்தாலோ, அன்றைக்குக் கேட்ட அளவு அதிகம் என்று பொருள்.) காலையில் அடைப்பு பாதி குறைந்தது. வலது காதில் 'கொய்ங்' என்று மெல்லிய கூரான ஒரு சத்தம் மட்டும் நின்றுவிட்டது.

முதலில் ஃபிரிட்ஜை அணைத்துப் பார்த்தேன், பிறகு இன்வெர்ட்டரை. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் வரை போய் நின்றேன். என் மனைவி, "ஏங்க, எனக்கு ஒண்ணும் கேக்கலையே" என்றபோதுதான் வயிற்றில் புளி கரைத்தது. மாமியார் வீட்டிலிருந்து நல்லெண்ணெயில் பூண்டு போட்டுக் காய்ச்சி ஊற்றச் சொன்னார்கள். ஊற்றினார்கள். செவிப்பறையில் ஓட்டை இருக்கிறதா என்று தெரியாமல் காதில் எதையும் விடக்கூடாது என்று பிறகு ஒரு மருத்துவர் கோபமாகச் சொன்னார். எனக்கு ஓட்டை இல்லை, அதனால் பிழைத்தேன்.

சித்திரை, வைகாசியில் எங்கள் பக்கம் ராத்திரி எப்படி இருக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குத் தெரியும். உளுந்தும் பயறும் எடுத்தாகிவிடும், வயல் வெடித்துக் கிடக்கும், தவளை இருக்காது, பம்புசெட்டு ஓடாத இடமென்றால் ஒரு சத்தமும் இருக்காது. அந்த அமைதியில் என் காதுக்குள் இருந்தது மட்டும் கேட்கும். படுத்தால் ஏறும், எழுந்து நடந்தால் கொஞ்சம் இறங்கும். இரண்டு மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்கிய ராத்திரிகள் குறைவு. பகலில் கடையில் யாரிடமும் எரிந்து விழுவேன். போதாததற்கு, ஆட்கள் சொல்வது சரியாக விழவில்லை. "பத்து மூட்டை" என்றார்களா "எட்டு மூட்டை" என்றார்களா என்று திரும்பத் திரும்பக் கேட்க வேண்டியிருந்தது. "அண்ணனுக்கு இப்பல்லாம் கவனமே இல்ல" என்று என் காதுபடவே பேசினார்கள். அது மட்டும் நன்றாகக் கேட்டது.

பணம் போன கதைக்கு வருகிறேன். முதலில் பார்த்த மருத்துவர் குறும்பியை எடுத்துவிட்டு, சத்து மாத்திரையும் தலைசுற்றலுக்குக் கொடுக்கும் பீட்டாஹிஸ்டினும் எழுதினார். எனக்குத் தலைசுற்றல் கிடையாது. இரண்டாவது இடத்தில் ஜிங்கோ என்ற மூலிகை மாத்திரை, மூன்று மாதக் கணக்கு. மாத்திரைகளுக்கும் பரிசோதனைகளுக்கும் சேர்த்து 12,000 ரூபாய்க்கு மேல் ஆயிற்று. பிறகு வெளியூரில், காது இரைச்சலை லேசர் வைத்துக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்த ஒரு இடத்தில் 'பேக்கேஜ்' என்று 38,000 கட்டினேன். ஒவ்வொரு முறையும் காதுக்குள் சிவப்பு வெளிச்சத்தைக் காட்டிவிட்டு, "கொறைஞ்ச மாதிரி இருக்கா சார்?" என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்காகவே சத்தத்தைத் தேடிக் கேட்பேன், தேடத் தேட அது பெரிசாகும். குறையவில்லை என்று சொன்னதற்கு இன்னும் பத்து சிட்டிங் போடலாம் என்றார்கள். பணம் திரும்பி வரவில்லை. இதைச் சொல்லக் காரணம் ஒன்றுதான்: 2014-ல் அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் அமைப்பு வெளியிட்ட வழிகாட்டுதல், இந்த இரைச்சலுக்கு ஜிங்கோ, மெலடோனின், துத்தநாகம் முதலியவற்றைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. லேசருக்கும் நம்பும்படியான நிரூபணம் இல்லை. 'நிரந்தரக் குணம்' என்று யாராவது முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.

எம்.ஆர்.ஐ. மட்டும் வீண்செலவில் சேராது. இரைச்சல் ஒரு பக்கம் மட்டும் இருந்தாலோ, இரண்டு காதுக்கும் கேட்கும் திறனில் நிறைய வித்தியாசம் இருந்தாலோ, கேள்வி நரம்பில் கட்டி ஏதும் இல்லையென்று உறுதி செய்ய எடுப்பார்கள். பெரும்பாலும் ஒன்றும் இருக்காது, எனக்கும் இல்லை. ஆனால் அந்த இயந்திரம் போடும் சத்தம் பயங்கரம். காது அடைப்பானும் அதற்கு மேல் ஹெட்போனும் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு படுங்கள். இரைச்சல் நாடித்துடிப்போடு சேர்ந்து 'துப் துப்' என்று வந்தால் அதையும் தனியாகச் சொல்லுங்கள், அதற்குப் பார்க்க வேண்டிய சோதனை வேறு. சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் எடுத்துப் போய்க் காட்டுவது நல்லது. அதிக அளவு ஆஸ்பிரின், ஜென்டமைசின், அமிகாசின் மாதிரி ஊசிகள், நீர் பிரிய கொடுக்கும் ஃபுரோசமைடு, குளோரோகுயின் இவையெல்லாம் காதைத் தொடக்கூடியவை. அதற்காக இருதயத்துக்குச் சாப்பிடும் சின்ன ஆஸ்பிரினை நீங்களாக நிறுத்திவிட வேண்டாம்.

கடைசியில் உருப்படியாக நடந்தது ஒரு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் வெளிநோயாளிப் பிரிவில். காலையில் சீக்கிரம் போய் வரிசையில் நின்றால் சீட்டுக்கும் பரிசோதனைக்கும் காசில்லை. அங்கே சத்தம் புகாத அறையில் உட்கார வைத்து, எந்தச் சுருதி எவ்வளவு கேட்கிறது என்று அளக்கும் ஆடியோகிராம் எடுத்தார்கள். எடுத்த பெண்ணுக்கு என் மகள் வயசுதான் இருக்கும். தாளை என் பக்கம் திருப்பி வைத்து அரை மணி நேரம் விளக்கினார். தாழ்ந்த சுருதியில் கோடு ஒழுங்காக ஓடுகிறது, 4000 ஹெர்ட்ஸ் வந்ததும் வலது காதுக் கோடு 55 டெசிபலுக்குச் சரிகிறது, 8000-ல் கொஞ்சம் ஏறுகிறது. இந்தப் பள்ளம் அதிகச் சத்தம் கேட்ட காதில் வழக்கமாக வருவது. உள்காதில் இருக்கும் நுண்ணிய மயிர் செல்கள் செத்தால் மனிதனுக்குத் திரும்ப முளைக்காது. "அப்ப இந்தச் சத்தம் எங்கேருந்தும்மா வருது?" என்றேன். "உங்க ஊர் மைக்செட்ல, மைக் சரியா எடுக்கலன்னா ஆம்ப்ளிஃபையர்ல வால்யூமைத் திருகுவாங்கள்ல, அப்ப 'உஸ்'னு ஒரு சத்தம் வரும் பாருங்க அங்கிள், அதான். காதுலேருந்து வர வேண்டியது வரலைன்னு மூளை திருகி வெச்சிருக்கு." இவ்வளவு செலவு செய்த இடங்களில் ஒருவரும் இதைச் சொல்லவில்லை.

'பத்து', 'எட்டு' தடுமாற்றத்துக்கும் அந்தத் தாளிலேயே விடை இருந்தது. உயிரெழுத்துகளின் பலம் தாழ்ந்த அதிர்வில் இருக்கிறது, அது எனக்கு விழுகிறது. ப, த, ச, ஸ மாதிரி மெய்களைப் பிரித்துக் காட்டும் நுணுக்கம் மேலே இருக்கிறது, அங்கேதான் பள்ளம்.

நான் பயந்துகொண்டிருந்த கேள்வியை அதற்குப் பிறகுதான் கேட்டேன். பாட்டு இனி என்ன ஆகும்? அந்தச் சமயத்தில் நான் பாட்டே கேட்பதில்லை. தோடி ஆலாபனை போட்டால், கார்வை, அதாவது ஒரே ஸ்வரத்தில் நீண்டு, நிற்கும் இடத்தில் அதன் மேல் இந்தச் சத்தம் வந்து உட்காரும். சுருதி சேராத ஒரு ஸ்வரம் எப்போதும் கூட நிற்கிறது என்று எனக்கு ஒரு எண்ணம், அபஸ்வரத்தோடு கேட்பதற்குக் கேட்காமலே இருக்கலாம் என்று ரேடியோவையும் மூடிவிட்டேன். அந்தப் பெண் இயந்திரத்தில் ஒவ்வொரு சத்தமாக வைத்து, என் இரைச்சல் எதோடு ஒத்துப்போகிறது என்று பார்த்தார். ஏறக்குறைய 6000 ஹெர்ட்ஸ். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். இரண்டு கட்டை சுருதியில் ஸட்ஜம் 294 ஹெர்ட்ஸ் பக்கம். பியானோவின் ஆகக் கடைசிக் கட்டையே 4186-ல் முடிந்துவிடுகிறது. ஐயாயிரத்துக்கு மேல் போனால் ஸ்வரஸ்தானத்தைப் பிரித்துச் சொல்லும் திறன் மனிதக் காதுக்கே மங்கிவிடுகிறது. அதாவது என் இரைச்சல் எந்த ராகத்துக்குள்ளும் இல்லை. எந்த வித்வானும் வாசிக்கும் எல்லைக்கு வெளியே எங்கேயோ தனியாகக் கத்திக்கொண்டிருக்கிறது. அதை நினைத்துச் சிரிப்புதான் வந்தது, பல வாரத்தில் முதல் தடவையாக. உங்களுக்கும் இசைதான் உயிர் என்றால், இரைச்சலின் சுருதியை அளந்து சொல்லும்படி கேளுங்கள். தெரிந்துகொண்டதில் எனக்குக் குறைந்த பயம், மாத்திரையில் குறையவில்லை.

அதே நேரத்தில் ஆனி பிறந்து, மேட்டூர்த் தண்ணீர் எங்கள் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது. குறுவை நாற்றங்காலில் தண்ணீர் நின்றதும் தவளைகள் ஆரம்பித்தன. அன்று ராத்திரி ஐந்து மணி நேரம் தூங்கினேன். தவளைக் கூச்சலுக்கு நடுவில் என் 'கொய்ங்' பாதிதான் தெரிந்தது. தவளை இல்லாத நாட்களுக்கு எலக்ட்ரானிக் தம்புரா வைத்துக்கொண்டேன். இதில் ஒரு நுணுக்கம்: இரைச்சலை முழுக்க அமுக்கும் அளவுக்கு வைக்கக் கூடாது. இரண்டும் கேட்க வேண்டும், இரைச்சல் ஒரு படி மேலே இருந்தாலும் பரவாயில்லை. அப்போதுதான் மூளை அதைப் பொருட்படுத்தாமல் இருக்கப் பழகும். முழு அமைதியைத் தேடிப் போவதும், வீட்டுக்குள்ளேயே பஞ்சு வைத்துக்கொண்டு திரிவதும் எதிர்வேலை செய்யும். பாத்திரம் விழும் சத்தம்கூடத் தாங்காத நிலை வந்துவிடும் என்றார்கள்.

மனதைப் பற்றியும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன். தூக்கமில்லாத அந்த இரண்டு மாதத்தில், இந்தச் சத்தத்தோடு இன்னும் முப்பது வருஷமா என்று நினைத்து, நினைக்கக் கூடாததெல்லாம் நினைத்தேன். மனைவியிடம் சொல்லவே வெகுநாள் பிடித்தது. அந்த நிலையில் இருப்பவர்கள் 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு எந்நேரமும் பேசலாம், காசில்லை, தமிழிலேயே பேசுவார்கள். மருத்துவர் என்னை மனநல ஆலோசகரிடம் அனுப்பியபோது 'எனக்கென்ன பைத்தியமா' என்று முரண்டு பிடித்தேன்தான். ஆனால் இந்த இரைச்சலால் வரும் அவதிக்கு நல்ல ஆதாரம் உள்ள சிகிச்சை, எண்ணத்தையும் பழக்கத்தையும் திருத்தும் அந்தப் பேச்சுச் சிகிச்சைதான். சத்தத்தின் அளவு அதனால் குறையாது. அதைக் கேட்டதும் நெஞ்சு அடித்துக்கொள்வது குறைகிறது.

காது கருவிக்கு வருகிறேன். இங்கேதான் இசை கேட்கிறவர்கள் ரொம்ப ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். கேள்விக் குறைவோடு இரைச்சலும் இருப்பவர்களுக்குக் கருவி பல நேரம் இரண்டுக்கும் உதவும், வெளிச் சத்தம் வந்துவிட்டால் மூளை திருகியதைக் கொஞ்சம் இறக்கும். கடைக்காரர் போட்டுவிட்டதும் பேச்சு பளிச்சென்று கேட்டது, பத்து பத்தாகவும் எட்டு எட்டாகவும். வீட்டுக்கு வந்து நாதஸ்வரம் போட்டேன். நீண்ட கார்வை ஒவ்வொன்றும் நடுங்கி, ஓரத்தில் ஒரு பொய்க் குரல் சேர்ந்து வந்தது. தம்புரா, ஆரம்பித்த சில வினாடியில் தானாக மங்கியது. கருவி கெட்டுப்போய்விட்டதென்று திருப்பிக் கொடுக்கப் போனேன். கெட்டுப்போகவில்லை, கருவி பேச்சுக்காகச் செய்யப்பட்டது. அசையாமல் நிற்கும் ஸ்வரத்தைத் தன் விசில் சத்தமென்று நினைத்து அழிக்கப் பார்க்கிறது. ஓயாமல் ஒலிக்கும் தம்புராவை மின்விசிறி இரைச்சல் என்று கணக்குப் பண்ணிக் குறைக்கிறது. விற்றவருக்கு இது தெரியவில்லை. மருத்துவமனைப் பெண்ணிடம் கேட்டபோதுதான், இசைக்கென்று தனியாக ஒரு ப்ரோக்ராம் போடச் சொல்லுங்கள் என்றார். அதில் விசில் தடுப்பையும் இரைச்சல் குறைப்பையும் அணைக்க வேண்டும், அல்லது ஆகக் குறைவாக வைக்க வேண்டும். முன்பக்கம் மட்டும் கேட்கும் மைக் அமைப்பு வேண்டாம். மேல் அதிர்வுகளைக் கீழே இறக்கித் தரும் வசதி இருந்தால் அதையும் நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் சுருதியே கெடும். சின்னச் சத்தத்தைத் தூக்கிப் பெரிய சத்தத்தை அமுக்கும் வேலையையும் மட்டாக வைக்கச் சொல்லுங்கள். இத்தனையும் செய்த பிறகு நாதஸ்வரம் நாதஸ்வரமாகக் கேட்டது. பழையபடி இல்லை, ஆனால் கமகம் புரிகிறது, அதுவே போதும். ஜோடிக்கு 70,000 கொடுத்தேன். வாங்குவதற்கு முன் ஒரு வாரமாவது வீட்டுக்கு எடுத்துப் போய், உங்களுக்கு மனப்பாடமான ஒரு ஆலாபனையைக் கேட்டுப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள். தரமாட்டேன் என்றால் வேறு கடை. ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் கருவி சீக்கிரம் பழுதாகும், ராத்திரி சிலிக்கா ஜெல் டப்பாவில் போட்டு மூடி வையுங்கள்.

திருவிழாவுக்குப் போவதை நான் விடவில்லை. நிற்கும் இடம் மாறியிருக்கிறது. 85 டெசிபல் சத்தத்தை ஒரு நாளைக்கு 8 மணி நேரம் தாங்கலாம் என்பது ஒரு கணக்கு, அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகக் குறையும். 100 டெசிபல் என்றால் கால் மணி நேரம்தான். தவிலுக்கு அருகே என் போன் செயலி நூறைத் தாண்டிக் காட்டியது. போனின் மைக் துல்லியமானதில்லை, இருந்தாலும் யோசிக்க அது போதும். வெட்டவெளியில் தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும், கல் மண்டபத்துக்குள் அந்தச் சலுகை கிடைக்காது. அதனால் புறப்பாட்டை வீதியில் கேட்கிறேன், நாதஸ்வரத்தின் அணசுக்கு (அகன்ற வாய்க்கு) நேரே நிற்காமல் பக்கவாட்டில். மெடிக்கலில் கிடைக்கும் பஞ்சு அடைப்பான் மேல் சுருதியை மட்டும் தின்றுவிடும், தவில் பானையைத் தட்டுவதாகக் கேட்கும். வாத்தியக்காரர்களுக்கென்று எல்லாச் சுருதியையும் ஏறக்குறைய ஒரே அளவில் குறைக்கும் அடைப்பான் இருக்கிறது. 2,000 ரூபாய்க்குள் ஆன்லைனில் வாங்கினேன். தை மாதம் திருவையாற்றுத் தியாகராஜர் ஆராதனையில், ஐந்து ராகங்களில் அமைந்த அவருடைய பஞ்சரத்தினக் கீர்த்தனைகளைக் கேட்கப் பந்தலின் பின்பகுதியில், ஒலிபெருக்கியிலிருந்து தள்ளியே உட்கார்ந்தேன். நாட்டையும் கௌளையும் போனது தெரிந்தது. ஆரபியில் இரைச்சலை மறந்திருந்தேன் என்பது வராளி ஆரம்பித்த பிறகுதான் உறைத்தது.

எனக்குத் தெரிந்த ஒரு தவில் வித்வானிடம் இந்தக் கதையையெல்லாம் சொன்னேன். வெற்றிலையை மென்றுகொண்டே கேட்டவர், "இருவது வருஷமா எனக்கும் வண்டு கத்துது தம்பி. வெளிய சொன்னா, காது போன ஆள்னு கச்சேரிக்குக் கூப்பிட மாட்டான்" என்றார். ரசிகனுக்கு இவ்வளவு என்றால் நாள் முழுக்க அதன் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பவர்களுக்கு எவ்வளவு இருக்கும். அவர் மகனும் வாசிக்கிறான், இருபது வயது. அவனுக்கு ஒரு ஜோடி அடைப்பான் வாங்கிக் கொடுத்திருக்கிறேன். வீட்டில் சாதகம் பண்ணும்போது போட்டுக்கொள்கிறானாம், கச்சேரியில் அப்பா எதிரில் போட வெட்கமாக இருக்கிறதாம். வருகிற ஆவணியில் அவர்கள் இருவருக்கும் சேர்த்து ஆடியோகிராம் எடுக்க நானே கூட்டிப் போவதாகச் சொல்லியிருக்கிறேன். கல்யாண சீசன் முடியட்டும் என்கிறார் வித்வான்.